வலியும் இரத்தமும்: எல்லாம் மூலம் அல்ல

மலம் கழிக்கும்போது இரத்தம் கண்டவுடன் அதை 'மூலம்' என்று தாமே முடிவு செய்வோர் பலர். கூச்சத்தால் வீட்டாரிடமும் சொல்லாமல், சுவரொட்டியில் கண்ட சிகிச்சையை நாடுவோரும் உண்டு. ஆனால் உள்மூலத்தில் இரத்தம் வருமேயன்றிப் பொதுவாக வலி இருப்பதில்லை. அது தோன்றும் பகுதியில், தோலில் உள்ளவை போன்ற வலியுணர் நரம்புகள் இல்லாமையே காரணம். எனவே வலியும் சேர்ந்திருந்தால் வேறு காரணங்களையும் ஆராய வேண்டும்.

ஆசனவாய் வெடிப்பு

இதுவே மிகப் பொதுவான காரணம். இறுகிய மலம் வெளியேறுகையில் ஆசனவாயின் உட்தோல் கிழிகிறது. கத்தியால் கீறியது போன்ற வலி சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரை நீடிக்கும். சிவந்த இரத்தம் சிறிதளவே வரும். வலியால் ஆசனவாய்த் தசை இறுகுகிறது. அதனால் புண்ணுக்கு இரத்த ஓட்டம் குறைந்து ஆறுவது தாமதமாகிறது. வலிக்கு அஞ்சி மலத்தை அடக்கினால் அது மேலும் இறுகும்.

பிற காரணங்கள்

வெளிமூலத்தில் இரத்தம் உறைந்தால், நீலநிறக் கட்டி திடீரெனத் தோன்றிக் கடுமையாக வலிக்கும். அது உடைந்தால் கருஞ்சிவப்பு இரத்தம் கசியும். சீழ்க்கட்டியில் காய்ச்சலும் விண்விண்ணென்ற வலியும் இருக்கும். அதை வடித்தாக வேண்டும். குடல் அழற்சியிலும் சீதபேதியிலும் இரத்தத்துடன் சளியும், வயிற்று வலியும், அடிக்கடி மலம் கழிக்கும் உந்துதலும் காணப்படும். மலக்குடல் புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலியின்றியே இருக்கும். ஆதலால் வலி இல்லை என்பதாலும் அலட்சியம் கூடாது.

வீட்டில் செய்யத்தக்கவை

புதிதாக ஏற்பட்ட வெடிப்புகளில் பெரும்பாலானவை 6 முதல் 8 வாரங்களில் அறுவைச் சிகிச்சையின்றியே ஆறிவிடும். கீரை, கொய்யா, வாழைத்தண்டு, பயறு வகைகளை அன்றாடம் உண்ணுங்கள். போதிய நீர் அருந்துங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் அதன் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். வெதுவெதுப்பான நீர் நிரம்பிய தொட்டியில் 10 முதல் 15 நிமிடங்கள், நாளுக்கு இருமுறையோ மும்முறையோ அமர்ந்திருப்பது தசையைத் தளர்த்தும். தசையைத் தளர்த்தும் களிம்பை மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

தாமதம் கூடாத அறிகுறிகள்

மிகுந்த இரத்தப்போக்கு, மயக்கம், தார் போன்ற கறுத்த மலம், காய்ச்சலுடன் கூடிய வீக்கம் ஆகியவை இருப்பின் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் ஆகியவற்றை மறைக்காமல் தெரிவியுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்போர் அதையும் கூற வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

பரிசோதனையை எண்ணி அஞ்ச வேண்டாம். பல வேளைகளில் கண்ணால் பார்த்தே வெடிப்பை அறிந்துவிடலாம். வலி மிகுதியாயின் விரல் சோதனையை வலி தணிந்த பின் வைத்துக்கொள்ளலாம். தேவைப்படுவோருக்கே கொலனோஸ்கோபி செய்யப்படும். கூச்சத்தால் கடத்தும் மாதங்களே, எளிதில் குணமாகும் நோயையும் முற்றச் செய்கின்றன.