வெற்றுத்தாளில் கையொப்பம் வைக்காதீர்கள்

தோற்ற காசோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம், ஒரு கையொப்பத்தால் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பதைக் கண்டி மாவட்டத்துப் பன்வில பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். சம்பள நாளிலோ பண்டிகைக் காலத்திலோ போக்கர் சீட்டாட உட்காருகிறார்கள். கைக்காசு தீர்ந்ததும், “ஆடுங்க அண்ணே, பிறகு பார்ப்போம்” என்று ஒருவர் காசு நீட்டுவார். விடியும்போது அடையாள அட்டையும் கையொப்பமிட்ட வெற்றுத்தாளும் அவர் கையில்.

ஆட்டத்தின் நடுவே கடன் வாங்கப் போக்கரின் விதியே இடம் தராது. சுற்றுப்போட்டியில் நுழைவுப் பணத்தோடு இழப்பு முடிந்துவிடும். அங்கே சிப்ஸ் எனும் ஆட்ட வில்லைகளுக்குக் காசு மதிப்பில்லை, கடைசிவரை நின்ற சிலருக்கே பரிசு. தோற்றபின் மீண்டும் பணம் கட்டி உள்ளே வரும் மறுநுழைவு உண்டா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காசுக்கு ஆடும் மேசையில் ஒவ்வொரு சிப்பும் காசு. விரும்பிய நேரம் எழும்பலாம். ஆனால் ஓர் ஆட்டம் நடக்கும்போது மேசையில் உள்ள தொகைக்கு மேல் கட்ட முடியாது. சட்டைப்பையிலிருந்தும் எடுக்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவரிடமும் வாங்கக்கூடாது. நடுவில் கடன் நீட்டுபவர் உடைப்பது இந்த விதியைத்தான்.

இப்படியான சூதாட்டக் கடனை இலங்கையில் வழக்குப் போட்டு அறவிட முடியாது. அது அவருக்கும் தெரியும். வெற்றுத்தாள் கேட்பது அதனால்தான். நாளைக்கு அதில் கைமாற்றுக் கடன் என்று எழுதிக்கொள்வார்.

கையொப்பம் வைத்தாகிவிட்டதா? முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். பொது இடத்தில் காசுக்கு ஆடுவதை 1889 ஆம் ஆண்டிலேயே குற்றமாக்கிய நாடு இது. 2025 இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் வந்துவிட்டது. ஆடிய உங்கள் மேலேயே குற்றம் திரும்பலாம். ஆகவே சட்டத்தரணியிடம் பேசாமல் பொலிஸுக்குப் போகாதீர்கள்.

பொலிஸில் ஆள், திகதி, தொகை, எத்தனை தாளில் கையொப்பம் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். அடையாள அட்டையை அவர் பிடித்து வைத்திருக்கிறார் என்றே சொல்லுங்கள். தொலைந்துவிட்டதாக முறைப்பாடு கொடுத்துப் புது அட்டை எடுக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம்.

தமிழில் அலுவல் பார்க்க அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அப்படியிருந்தும் பொலிஸில் தமிழ் எழுத ஆளில்லை என்று சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் கேட்கிறார்கள். நம்மவர்களும் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். வாசித்துப் பொருள் சொல்லாத தாளிலும் கையொப்பம் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கடன் கொடுத்தவர் அந்தத் தாளை வைத்து வழக்குப் போட்டு மாவட்ட நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அந்தத் திகதியைத் தவறவிடவே கூடாது. நீங்கள் போகாவிட்டால் எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகும். அது சூதாட்டக் கடன் என்று சொல்ல அங்கே ஆளிருக்காது. அழைப்பாணை, முறைப்பாட்டு இலக்கம், கூட ஆடியவர்களில் சாட்சி சொல்லக்கூடியவர்களின் பெயர் ஆகியவற்றோடு வந்த அன்றே சட்டத்தரணியைப் பாருங்கள்.