கம்ப்யூட்டர் அறையில் ஏசி: மின் கட்டணத்தைக் குறைக்கும் வழிகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "இதற்கு ஏசி போட வேண்டுமா?" என்பதுதான். வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பொதுவாக 35 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் இயங்கும்படி தயாரிக்கப்படுகின்றன. தருமபுரி மாவட்டம் தீர்த்தமலை போன்ற வெயில் ஊர்களில்கூட, நல்ல காற்றோட்டம் இருந்தால் பெரும்பாலான நேரம் அதுவே போதும். ஏசி நமக்காகத்தான். ஏற்கனவே ஏசி வைத்திருந்தால், அதைச் சிக்கனமாக இயக்கும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏசி என்பது ஒரு பம்ப்

ஏசியும் ஃபிரிட்ஜும் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகின்றன. போர்வெல்லில் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாருக்கு மின்சாரம் கூடுவது போல, உள்ளும் புறமும் உள்ள வெப்ப வித்தியாசம் கூடினால் கம்ப்ரசருக்கும் வேலை கூடும். வெளியே 38 டிகிரி இருக்கும்போது ஏசியை 20-ல் வைத்தால் வித்தியாசம் 18. 24-ல் வைத்தால் 14 மட்டுமே.

ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் பிஇஇ அமைப்பின் கணக்கு. நட்சத்திரக் குறியீடு பெறும் ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

கம்ப்யூட்டரும் வெப்பம் தரும்

150 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர், அத்தனையையும் கடைசியில் வெப்பமாக அறைக்குள் விடுகிறது. அதை வெளியேற்ற ஏசி கூடுதலாக 40 முதல் 50 வாட் வரை செலவழிக்கும். ஆக, சும்மா ஓடும் கம்ப்யூட்டருக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறோம்!

செய்ய வேண்டியவை

1. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் பகுதிக்குச் சென்று, 15 நிமிடத்தில் ஸ்லீப் ஆகும்படி அமையுங்கள்.

2. ஏசியை 24 முதல் 26 டிகிரிக்குள் வைத்து, சீலிங் ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள்.

3. ஏசி ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள். தூசி அடைத்தால் காற்று குறையும், குளிர்ச்சியும் குறையும்.

4. வெளியே உள்ள யூனிட்டின் முன் எதையும் வைத்து மறைக்காதீர்கள்.

5. ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். எளிதாக வந்துவிட்டால் ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

புதிதாக வாங்கும்போது நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள். 2022 ஜூலையில் ஏசிகளுக்கான அளவுகோல் கடுமையானபோது, அதுவரை 5 நட்சத்திரம் பெற்ற மாடல்கள் 4 நட்சத்திரத்துக்கு இறங்கின. லேபிளில் ஆண்டு மின் செலவு யூனிட் கணக்கில் அச்சாகியிருக்கும். இரண்டு மாடல்களின் யூனிட்டையும் விலையையும் எக்ஸலில் போட்டு ஒப்பிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் உங்களுக்குப் பணம் மிச்சப்படுத்தித் தரும்.