பழைய வீடு வாங்குமுன் காணவேண்டிய குறிகள்

தோட்டத்து வீடு தோட்டத்துக்கே உரியது. பால்வெட்டும் கத்தியைக் கீழே வைக்கும் நாளில் லயத்து வீட்டையும் காலி செய்து கொடுத்தாக வேண்டும். ஆதலின், ஓய்வு பெறும் வயதை நெருங்கும் பாட்டாளிகள் ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு சொந்தமாக ஒரு வீட்டை வாங்க எண்ணுவது இயல்பே. புதிய வீட்டின் விலை எட்டாதபொழுது அவர்களது நாட்டம் பழைய வீட்டின்பால் செல்லுகின்றது. முப்பது ஆண்டு உழைப்பின் பயன் ஒரே கையெழுத்தில் கைமாறும் காரியம் இது. வாங்கிய பின்னர் சுவர் ஒழுகினாலும் தரை அமிழ்ந்தாலும் விற்றவரைத் தேடிப் பிடித்து ஈடு கேட்பது எளிதன்று.

பழைய கட்டடங்களுக்கு வரும் நோய்களை அறிந்துகொள்ள நமக்குக் கிடைத்த நல்லதொரு பள்ளிக்கூடம் பினாங்கு, ஜார்ஜ்டவுனிலுள்ள லிட்டில் இந்தியா வட்டாரமாகும். தீபாவளிக்குத் துணி எடுக்கவும், குயின் ஸ்திரீட்டில் 1833ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலை வழிபடவும் அங்குச் செல்லாதவர் நம்மில் குறைவு. அங்குள்ள கடைவீடுகளை விலைக்கு வாங்கும் வசதி நம்மில் அநேகருக்கு இல்லை. ஆயினும், அவற்றின் சுவர்களைப் பார்க்கக் காசு வேண்டியதில்லை. அடுத்த முறை செல்லும்பொழுது ஐந்தடிப் பாதையில் நின்று சற்றே கவனியுங்கள்.

இவ்வட்டாரத்து வீடுகள் பல நெடுங்காலம் பழுதுபார்க்கப்படாமல் கிடந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகை, 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் உயராமல் தடுக்கப்பட்டிருந்தது. ஏழைக் குடியிருப்போருக்கு அது பெரும் பாதுகாப்பாக இருந்தது மெய்யே. ஆனால், சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர் கூரையை மாற்றவும் சுவரைச் செப்பனிடவும் முன்வரவில்லை. அச்சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் நாளிலிருந்து கட்டுப்பாடு அற்றுப்போயிற்று. குடியிருந்தோர் பலர் வெளியேறினர். பூட்டிய வீடுகளுள் சில பறவைக் கூடு வளர்க்கும் இடங்களாக மாறின. உழவாரக் குருவிக்கென எந்நேரமும் ஈரமாக வைத்திருந்தால் செங்கல்லும் மரமும் என்னாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே, எந்தப் பழைய வீட்டைப் பார்க்கச் சென்றாலும் முதலில் கேட்க வேண்டியது: இவ்வீட்டில் கடைசியாகக் குடியிருந்தவர் யார்? எத்தனை ஆண்டு பூட்டிக் கிடந்தது?

இனி, சுவருக்கு வருவோம். பழைய வீடுகள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் படலம் அக்காலத்தில் பெரும்பாலும் வைக்கப்படவில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பது போலச் செங்கல் நிலத்து நீரை மேலே இழுக்கின்றது. சுண்ணாம்புப் பூச்சு உள்ளவரை அந்த ஈரம் காற்றில் வெளியேறிவிடும். சுவர் அழகாக இருக்க வேண்டுமென்று அதன்மேல் சிமெண்டு பூசி, எண்ணெய்ச் சாயமும் அடித்துவிட்டால், வெளியேற வழியற்ற ஈரம் இன்னும் உயர ஏறும். நீரில் கரைந்து வந்த உப்பு, மாவு போல வெள்ளையாகப் பூக்கும். பூச்சு உப்பி உதிரும். கடலை ஒட்டிய தாழ்நிலமாகிய ஜார்ஜ்டவுனில் இக்காட்சியை எங்கும் காணலாம்.

எனவே, இடுப்பளவு வரை மட்டும் புதுச்சாயம் பூசிய சுவரையும், காரணமின்றிப் பளிங்குக்கல் ஒட்டிய சுவரையும் ஐயத்தோடு பாருங்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும். விரல் முட்டியால் தட்டினால் பூச்சு விலகிய இடம் டொக்கு ஒலி தரும். அலமாரியைச் சற்று நகர்த்தச் சொல்லிப் பின்புறத்தையும் காணுங்கள். வெயில் நாளில் ஒருமுறை பார்த்த வீட்டைப் பெருமழைக்கு மறுநாள் மீண்டும் பார்ப்பது மிகமிக நன்று.

வெடிப்புகளைக் கண்டு எல்லாரும் அஞ்சுகின்றனர். மயிரிழை போன்ற வெடிப்பு பெரும்பாலும் பூச்சின் குறையே. ஐம்பது காசு நாணயத்தின் விளிம்பு நுழையுமளவு அகன்றதும், படிக்கட்டு போலச் செங்கல் இணைப்பு வழியே ஏறிச் செல்வதும், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவதுமே அஞ்சத்தக்கவை. அவை அடித்தளம் அசைவதைக் காட்டக்கூடும். கதவு சட்டத்தில் பிடித்துக்கொள்வதும் அத்தகையதொரு குறியாகலாம். மேலும், வரிசை வீடுகளில் இரு வீட்டுக்கும் நடுவே ஒரே பொதுச்சுவர்தான் இருக்கும். பக்கத்து வீட்டை இடித்துக் கட்டினால் நம் சுவரும் பிளக்கலாம். அயல்வீட்டையும் பார்த்து வருவது அதனாலேதான்.

மரத்தைப் பற்றிப் பால்மரத் தோட்டத்தாருக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மருந்திடாத பால்மரப் பலகையை வண்டு எவ்வளவு விரைவில் துளைத்து மாவாக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மேல்மாடித் தரையைத் தாங்கும் உத்தரங்களின் முனைகள் ஈரச் சுவருக்குள் புதைந்திருப்பதால் அங்கேதான் முதலில் உளுத்துப்போகும். பேனாக்கத்தியால் மெல்லக் குத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால் மரம் செத்துவிட்டது. சுவரோரத்தில் மண்கோடு ஓடுகின்றதா, நடக்கும்பொழுது தரை துள்ளுகின்றதா என்றும் கவனிக்க வேண்டும். கூரையின் முகடு நேராக உள்ளதா, நடு முற்றத்துத் தகரக் கால்வாய் துருப்பிடித்துள்ளதா என்பதைத் தெருவிலும் முற்றத்திலும் நின்றே காணலாம்.

மின்கம்பிகளும் கவனத்துக்குரியவை. முற்காலத்தில் கம்பிக்கு உறையாக இருந்ததும் நம் இரப்பரே! ஆண்டுகள் செல்லச்செல்ல அது காய்ந்து நொறுங்கிவிடும். அத்தகைய வீட்டில் கம்பி முழுவதையும் மாற்றும் செலவை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தைப் பற்றி விற்பவரைக் கேட்பதைவிட எதிர்வீட்டுக்காரரைக் கேட்பது மேல். 2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டார், ஆகவே பயமில்லை என்று சிலர் கருதுகின்றனர். அவர் வீட்டின் விலையைக் கணிப்பவர். கறையானைத் தேடுபவர் அல்லர். பதிவு பெற்ற கட்டட அளவையாளர் அல்லது பொறியாளரைத் தாமே அமர்த்துவது நலம். விற்பவரோ தரகரோ அழைத்து வரும் ஆள் வேண்டாம்.

பத்திரங்களை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்றாலும், நில அலுவலகத்தில் தேடுதல் செய்து உரிமையாளரின் பெயர், குத்தகை நிலமாயின் எஞ்சிய ஆண்டுகள், அடைமானம், கேவியட் ஆகியவற்றை அறிந்துகொள்ள வேண்டும். ஜார்ஜ்டவுனின் பழைய பகுதி 2008 ஜூலை 7இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டமையால், அங்கு வீட்டை வாங்குவோர் மாநகர் மன்றத்தின் அனுமதியின்றி அதனை இடிக்கவோ முகப்பை மாற்றவோ இயலாது.

வீட்டுமேம்பாட்டாளரிடம் வாங்கும் புது வீட்டுக்கு 24 மாதக் குறைதீர்ப்புக் காலம் சட்டப்படி உண்டு. தகராறு எழுந்தால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தையும் நாடலாம். கைமாறும் பழைய வீட்டுக்கு இவ்விரண்டும் இல்லை. பொதுவாக விலையில் பத்து விழுக்காடு முன்பணமாகச் செலுத்தப்படுகின்றது; ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் பின்வாங்கினால் அப்பணம் போய்விடும். இலட்சம் வெள்ளி வீட்டுக்குப் பத்தாயிரம் வெள்ளி! ஆகவே, மேற்கூறிய சோதனைகள் யாவும் கையெழுத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தரகர் அவசரப்படுத்தினால், பழுதுபார்க்க ஆகும் செலவை எழுத்தில் கணக்கிட்டு, அதனை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.