மண்டபத்தில் அடைத்தால் அது கைதா?

காலையில் ஆர்ப்பாட்டம். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வேன். மதியம் கல்யாண மண்டபத்தில் சாம்பார் சாதப் பொட்டலம். மாலை ஆறு மணி வாக்கில், "எல்லாரும் கிளம்புங்க." தமிழ்நாட்டில் போராட்டம் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது, போலீசும் போராட்டக்காரர்களும் இதை ஒரு சடங்காகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் மண்டப வாசலில் ஏட்டு ஒருவர் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, செல்போன் எண் எல்லாம் எழுதிக்கொள்கிறாரே, அந்தத் தாள் அன்று மாலையோடு முடிந்துபோவதில்லை. அதிலிருந்து ஒரு எஃப்.ஐ.ஆர். முளைக்கலாம். பாஸ்போர்ட் விசாரணைக்கு வரும் காவலர் சொல்லித்தான் தன்மேல் வழக்கு இருப்பதே சிலருக்குத் தெரியவருகிறது.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தந்த உரிமை. பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று அதே பிரிவு அரசுக்கும் இடம் தருகிறது. எந்த இடம், எத்தனை மணி வரை, ஒலிபெருக்கி உண்டா என்பதையெல்லாம் காவல்துறை வரையறுக்கலாம். பொது வீதியில் கூட்டமே கூடாது என்று ஒட்டுமொத்தமாக மறுக்க முடியாது. 1972-இல் ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஷாஹீன் பாக் வழக்கில் 2020-இல் அதே நீதிமன்றம், பொதுச் சாலையைக் காலவரையின்றி அடைத்து உட்காருவதை ஏற்க முடியாது என்றது. இரண்டும் முரண் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் வராத தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு சாலையில் நிற்பது நியாயம். அந்த வழியே வரும் ஆம்புலன்சுக்கு ஒதுங்கி வழிவிடுவதும் நியாயம்தான்.

சிக்கல் பெரும்பாலும் அனுமதி மனுவில் தொடங்குகிறது. சென்னையில் ஐந்து நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது சென்னை நகரக் காவல் சட்டம், 41-ஆம் பிரிவு. மனு ஸ்டேஷனில் கிடக்கும். முந்தின நாள் சாயங்காலம், "சட்டம் ஒழுங்கு பாதிக்கும்" என்று ஒரு வரியில் மறுப்பு வரும். நீதிமன்றம் போக நேரமிருக்காது. ஆகவே இரண்டு வாரம் முன்னதாகவே மனு கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட இந்தத் தாள்கள்தான் கைகொடுக்கும்.

"போலீஸ் சட்டம் 30(2) அமலில் இருக்கிறது" என்று மாவட்டந்தோறும் அறிவிப்பு வருவதைப் பார்த்திருப்பீர்கள். 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அது ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மட்டுமே, ஜனநாயக எதிர்ப்பை மொத்தமாக முடக்கும் அதிகாரம் இல்லை என்றது. உத்தரவை மீறியதாகச் சொல்லும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது என்றும், உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும் என்றும் சொன்னது. 2024 ஜூலை முதல் அந்தப் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 223 ஆகிவிட்டது. அதிகாரியின் புகார் வேண்டும் என்ற நிபந்தனை புதிய நடைமுறைச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

இந்தத் தீர்ப்பை நம்பிக் கல்லெறிய முடியாது. பொதுச் சொத்துச் சேதத்துக்கு 1992-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம் தனியே இருக்கிறது. பஸ் கண்ணாடியை உடைத்தவர் ஒருவராக இருக்கலாம். சட்டவிரோதக் கூட்டம் என்று வந்துவிட்டால் பக்கத்தில் நின்றவரும் மாட்டுவார். கூட்டம் நடத்துபவர்கள் சொந்தமாகத் தொண்டர்களை நிறுத்தி, தொடக்கம் முதல் கலையும்வரை வீடியோ எடுத்து வைப்பது நல்லது. காவல்துறைக்கும் வரம்பு உண்டு. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், போலீஸ் எல்லை மீறியதாகவே அறிக்கை தந்தது.

தலைப்பிலுள்ள கேள்விக்கு வருகிறேன். உங்கள் விருப்பப்படி வெளியே போக முடியாவிட்டால், மண்டபமானாலும் சமுதாயக் கூடமானாலும் அது காவல்தான். காரணத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் விட வேண்டும், இல்லையேல் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்தபின், விதிவிலக்கான சூழல் தவிர, பெண்களைக் கைது செய்யக் கூடாது. வக்கீலுக்கு வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். அடி உதை நடந்திருந்தால் அன்றே அரசு மருத்துவமனையில் காயங்களைப் பதிவு செய்யுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்தில் ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும்.

மண்டபத்திலிருந்து வீடு திரும்பியதும் விஷயத்தை மறந்துவிடாதீர்கள். அந்த வாரத்துக்குள்ளேயே, தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலோ ஸ்டேஷனிலோ உங்கள் பெயரில் எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நகல் வாங்கி, ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகுங்கள்.