முன்வாசல் வழியே ஒரு வழியனுப்பு

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் சுவாமிமலைக்கு அருகிலுள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்று வருகிறேன். ஓய்வூதியம் பெறுவோரில் பலர் அம்மாதத்தில் ஆயுள் சான்று அளித்தாக வேண்டும். நடக்க இயலாதவர்களுக்குப் படிவங்களை நிரப்பித் தருவது என் பணி.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சென்றபோது, ஜன்னலோரக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். அங்கிருந்த ஓய்வு பெற்ற ஆசிரியையைப் பற்றி விசாரித்தேன். விடியுமுன் பின்வாசல் வழியே அவரது உடலைக் கொண்டுபோய்விட்டார்களாம். மற்றவர்கள் அஞ்சக்கூடாதென்று, மருத்துவமனைக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் அதை நம்பவில்லை.

"எனக்கும் பின்வாசல்தானா, சார்?" என்றார் பக்கத்துக் கட்டிலில் இருந்த முதிய அம்மையார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

நிர்வாகி இரக்கமற்றவர் அல்லர். உறவினர் வராத உடலுக்கு எந்த உரிமையில் சடங்கு செய்வது, தீட்டு என்பார்களே என்பதே அவருடைய தயக்கம்.

அவ்வில்லத்துக்கு அருகில்தான் புள்ளபூதங்குடி இருக்கிறது. வல்வில் இராமன் கிடந்த கோலத்தில் சேவை சாதிக்கும் திவ்ய தேசம். ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த தலமென்று அதனைப் போற்றுவர். கழுகரசனுக்கும் அயோத்தி அரசகுமாரனுக்கும் இரத்த உறவு ஏது? பிற்காலத்தில், ஆளவந்தாரின் சீடரான மாறனேரி நம்பி பரமபதித்தபோது, குலத்தைப் பாராமல் அவருக்கு இறுதிச் சடங்கு செய்தார் பெரிய நம்பி. ஊரார் பழித்தனர். தாம் இராமனைவிட உயர்ந்தவரும் அல்லர், மாறனேரி நம்பி ஜடாயுவைவிடத் தாழ்ந்தவரும் அல்லர் என்பதே அவர் உரைத்த சமாதானம். இவற்றை நிர்வாகியிடம் எடுத்துரைத்தேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "முன்வாசலைத் திறந்துவிடுகிறேன்" என்றார்.

இப்போது ஒருவர் காலமானால் உடனே அனைவருக்கும் சொல்லப்படுகிறது. உடலை நீராட்டிப் புத்தாடை உடுத்திக் கூடத்தில் கிடத்துகிறார்கள். தலைமாட்டில் விளக்கு எரிகிறது. சிவபுராணமா, விஷ்ணு சகஸ்ரநாமமா என்பது இறந்தவரின் விருப்பம். முன்னரே கேட்டுக் குறித்து வைத்திருக்கிறோம். (கேட்க நான் மிகவும் கூசினேன். அவர்களோ நெடுநாள் காத்திருந்தவர்களைப் போல விடையளித்தனர்.) சக்கர நாற்காலியில் இருப்போரும் தாழ்வாரத்தில் இருபுறமும் வரிசையாக அமர, நடுவே உடல் முன்வாசலுக்குச் செல்கிறது. குளிப்பாட்டி ஊட்டிவிட்ட பணிப்பெண்களே முதலில் பூவிடுகிறார்கள். அந்த உரிமை அவர்களுக்குத்தான் உண்டு. கட்டிலை அன்று எவருக்கும் தருவதில்லை.

மகாளய பட்சத்தில் காருண்ய தர்ப்பணம் என்றொன்று உண்டு. உறவினர் மட்டுமன்றி, நண்பர், ஆசான், நாதியற்றோர் ஆகியோருக்கும் எள்ளும் நீரும் இறைக்கலாம். கோத்திரம் அறியாதோரைக் காசியப கோத்திரமாகக் கொள்வது வழக்கம். மகாளய அமாவாசையன்று காவிரிக் கரையில் இல்லத்தாரின் பெயர்களைச் சொல்லி நான் தர்ப்பணம் செய்கிறேன்.

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட அம்மையார் சென்ற ஆடியில் காலமானார். முன்வாசல் வழியேதான் சென்றார். இவ்வாண்டு நான் சொன்ன ஏழு பெயர்களில் முதற்பெயர் அவருடையது.