தாலிக்கு வந்த தங்கம் படிப்புக்கு வந்தது!

கோவில்பட்டிக்கு மேற்கே இளையரசனேந்தல் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் ஜமீன். சுற்றிலும் கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, பாசி, மக்காச்சோளம். மழை பொய்த்தால் ஒன்றும் இல்லை. அப்போது கைகொடுப்பது கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீசுதான்.

ஆபீசு என்றதும் நாற்காலி, மேஜை என்று நினைத்துவிட வேண்டாம். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அந்தப் பக்கத்தில் அப்படித்தான் பெயர்! பல தலைமுறைப் பெண்கள் அந்த ஆபீசுக்குத்தான் போனார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதிலேயே குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள்.

இன்று காலம் மாறியிருக்கிறது. அதே மாதிரி வீடுகளில் பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிறாள். பௌதிகம், ரசாயனம், கணிதம் என்று எடுத்துப் படிக்கிறாள். மே மாதம் பரீட்சை முடிவு வருகிறது. நல்ல மார்க். தெருவே வந்து கேட்டுவிட்டுப் போகிறது.

அதற்குப் பிறகு என்ன?

தகப்பனார் செலவை எண்ணுகிறார். தாயார் பஸ்ஸை எண்ணுகிறார்: போக எத்தனை மணிக்கு, திரும்ப எத்தனை மணிக்கு? பாட்டி பவுனை எண்ணுகிறாள்!

செங்கோட்டைப் பெண்

சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய விண்கலம் "ஆதித்யா எல்-1". 2023 செப்டம்பர் 2-ந் தேதி ஸ்ரீஅரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் போய், 2024 ஜனவரி 6-ந் தேதி குறித்த இடத்தில் நின்றது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் ஒரு பெண். பெயர் நிகர் ஷாஜி.

அவர் எந்த ஊர்? பம்பாயா, டெல்லியா? இல்லை. சங்கரன்கோவில் இருக்கும் அதே தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை! விவசாயக் குடும்பம். படித்தது உள்ளூர் அரசாங்கப் பெண்கள் பள்ளி. பிறகு திருநெல்வேலி அரசு என்ஜினீயரிங் கல்லூரி. 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். மேல்படிப்பை ராஞ்சியில் முடித்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் படித்த பள்ளி அரசாங்கப் பள்ளி. கல்லூரியும் அரசாங்கக் கல்லூரி. அதுவும் பக்கத்துப் பட்டணத்தில். மூன்று மணி நேரப் பயணத்துக்குள் ஒரு என்ஜினீயரிங் கல்லூரி இருந்ததால்தான் அந்தக் கதை நடந்தது. திறமை மட்டும் இருந்தால் போதாது. எட்டும் தூரத்தில் ஒரு கதவும் வேண்டும்.

2023 அக்டோபர் 2-ந் தேதி, நிகர் ஷாஜி உள்பட ஒன்பது தமிழ் விஞ்ஞானிகளைத் தமிழக அரசாங்கம் பாராட்டியது. தலைக்கு 25 லட்சம் ரூபாய் பரிசு. அதோடு, அந்த விஞ்ஞானிகளின் பெயரால் மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்க 10 கோடி ரூபாய் நிதி ஒன்றும் அறிவிக்கப்பட்டது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி, என்ஜினீயரிங் மேல்படிப்புக்குப் போகிறவர்களுக்காக அந்த நிதி.

பாட்டியின் கணக்கு

இப்போது பாட்டியின் பவுனுக்கு வருவோம். பாட்டியின் கணக்கு தப்பு அல்ல. அரசாங்கமே பல வருஷம் அந்தக் கணக்கைத்தான் போட்டது!

1989-ல் தமிழ்நாட்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஒரு திட்டம் வந்தது. ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். ஆனால் ஒரு நிபந்தனை: பெண் எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும். கல்யாண ஆசை காட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய திட்டம் அது! பிறகு தொகை கூடியது. தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. கடைசியில் பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும் கிடைத்தன. எட்டு கிராம் என்றால் ஒரு பவுன்.

மூவலூர் அம்மையார் யார்? 1883-ல் பிறந்தவர். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் தேவதாசி வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போராடியவர். 1962-ல் காலமானார்.

2022-ல் அந்தத் திட்டத்தையே அரசாங்கம் திருப்பிப் போட்டது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் கல்லூரிப் படிப்புக்கு என்று ஆயிற்று. அதே அம்மையார் பெயர்தான். "புதுமைப் பெண்" என்று அழைத்தார்கள். 2022 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியது. அரசாங்கப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலுள்ள பாங்கிக் கணக்குக்கே போகும். வேறு உபகாரச் சம்பளம் வாங்கினாலும் இதையும் வாங்கலாம். அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் 2024 டிசம்பர் 30-ந் தேதி இது விரிந்தது. அந்த விழா நடந்தது பக்கத்துத் தூத்துக்குடியில்!

மாதம் ஆயிரம் ரூபாய் பெரிய பணமா? பட்டணத்தில் இல்லை. ஆனால் பஸ் செலவு, நோட்டுப் புத்தகம், பரீட்சைக் கட்டணம் என்று வரும்போது அப்பாவிடம் கையேந்தாமல் போகலாம். தாயார் எண்ணிய பஸ் கணக்கு பாதி தீர்ந்தது.

தங்கம் போனதில் வருத்தப்பட்டவர்களும் உண்டு. வருத்தம் நியாயமானதுதான். படிப்பை முடித்துக் கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்களின் குடும்பங்கள் அந்தப் பவுனை நம்பியிருந்தன.

கல்யாணமா, கப்பலா?

நூறு வருஷத்துக்கு முன்பு இப்படி உதவ யார் இருந்தார்கள்? அபூர்வமாகச் சிலர் இருந்தார்கள்.

தலைச்சேரியில் 1897-ல் பிறந்தவர் ஜானகி அம்மாள். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவர இயல் படித்தார். வீட்டில் சொந்தத்திலேயே கல்யாணம் பேசினார்கள். அந்த நேரத்தில் அமெரிக்காவிலிருந்து ஓர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அவர் கப்பல் ஏறிவிட்டார்!

அது "பார்பர் உபகாரச் சம்பளம்". மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் லீவை பார்பர் என்ற பணக்காரர் 1917-ல் ஏற்படுத்தியது. கிழக்கு நாடுகளுக்குப் போய் வந்த அவர், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ஆசியப் பெண் டாக்டர்கள் செய்யும் சேவையைக் கண்ணால் கண்டார். இன்னும் பல பெண்கள் படிக்கட்டும் என்று பணத்தை எழுதி வைத்தார்.

ஜானகி அம்மாள் 1931-ல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்து ஒரு கலப்பினம்! கரும்பு, மூங்கில் கலப்பினத்திலும் ஆராய்ச்சி! பிற்காலத்தில் பத்மஸ்ரீ பட்டமும் வந்தது.

ஒருத்திக்குத் துணை இருவர்

பணம் இருந்தால் மட்டும் போதுமா? லலிதாவின் கதை வேறு ஒன்றைச் சொல்கிறது.

லலிதா 1919-ல் சென்னையில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் விதவை. கையில் நாலு மாதக் குழந்தை. தகப்பனார் பாப்பு சுப்பா ராவ், கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் மின்சாரப் பேராசிரியர். மகள் அங்கே படிக்க வேண்டும் என்றார். பெண்ணைச் சேர்த்த வழக்கமே அந்தக் கல்லூரியில் கிடையாது! பிரின்சிபால் கே.சி.சாக்கோ சம்மதித்தார். கல்வித் துறையிடமும் அனுமதி வாங்கினார்கள். 1940-ல் லலிதா சேர்ந்தார்.

கல்லூரி முழுக்க ஆண்கள். பெண் அவர் ஒருத்தி. விடுதியில் தனிமை. பார்த்தார் தகப்பனார். "பெண்களும் விண்ணப்பம் போடலாம்" என்று விளம்பரம் வரும்படி செய்தார். லீலம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா என்று இருவர் வந்து சேர்ந்தார்கள். மூவரும் 1940-களின் நடுவில் என்ஜினீயர்கள் ஆனார்கள்! பட்டச் சான்றிதழில் மாணவரை ஆண் என்று குறிக்கும் சொல்தான் அச்சாகி இருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண் என்று திருத்திக் கொடுத்தார்களாம்.

லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலைகளில் பங்குகொண்டார். 1964-ல் நியூயார்க்கில் நடந்த உலகப் பெண் என்ஜினீயர்கள், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போய் வந்தார்.

கிராமத்திலிருந்து ஒரு பெண் தனியாக விஞ்ஞானம் படிக்கப் போகிறாள் என்றால், அதே பஸ்ஸில் இன்னும் இருவர் போகிறார்களா என்று தாயார் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

எந்தப் பாடம்? அங்கேதான் சூட்சுமம்!

விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கென்றே தனி உதவிகள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். வாசல் தெரியாமல் நுழைந்தால் திரும்பத்தான் வேண்டும்.

மத்திய அரசாங்கம் 2008-ல் "இன்ஸ்பயர்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலத்தின் முதல் நூற்றுக்கு ஒருவர் வரிசையில் மார்க் எடுத்தவர், அடிப்படை விஞ்ஞானப் பாடத்தில் பி.எஸ்சி. சேர்ந்தால் வருஷம் 80,000 ரூபாய் என்பது ஏற்பாடு. அதில் 60,000 கையில். 20,000 கோடை விடுமுறையில் ஒரு விஞ்ஞானியிடம் ஆராய்ச்சி பழகுவதற்கு.

பௌதிகம், ரசாயனம், கணிதம், தாவர இயல், விலங்கியல் எடுத்தால் இதற்கு மனு போடலாம். கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தால் கிடையாது. பயோடெக்னாலஜி எடுத்தாலும் கிடையாது. இரண்டும் பி.எஸ்சி.தான்! இது தெரியாமல், "கம்ப்யூட்டர் என்றால் வேலை நிச்சயம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுச் சேர்ந்துவிட்டால், பிறகு வருந்திப் பயன் இல்லை.

என்ஜினீயரிங் போகிற பெண்ணுக்கு வேறு வாசல். "பிரகதி" என்பது அதன் பெயர். வருஷம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். இது போக, அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏழரை இடம் தனி ஒதுக்கீடு. 2020-ல் டாக்டர் படிப்புக்கு வந்தது. 2021-ல் என்ஜினீயரிங், விவசாயம், மீன்வளம், கால்நடை, சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. அந்த இடத்தில் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசாங்கத்தின் பொறுப்பு என்று அறிவித்தார்கள்.

சேருகிறார்கள், தங்குகிறார்களா?

ஓர் ஆச்சரியம். 2021-22-ல் இந்தியா முழுவதும் உயர்கல்வியில் விஞ்ஞானம் படித்தவர்கள் 57.2 லட்சம் பேர். அதில் பெண்கள் 29.8 லட்சம். ஆண்களைவிட அதிகம்!

அப்படியானால் ஆராய்ச்சிக் கூடங்களில் பெண்கள் ஏன் குறைவு? பட்டம் வாங்கிய அடுத்த மாதம் கல்யாணப் பேச்சு வருகிறது. எம்.எஸ்சி. தள்ளிப் போகிறது. பிஎச்.டி. பேச்சே இல்லை.

எம்.எஸ்சி.க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். தேசியத் தகுதிப் பரீட்சையில் தேறி, உபகாரச் சம்பளத்துக்கும் தேர்வாகிறவர்களுக்கு, ஆராய்ச்சி செய்ய 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். படிப்பதற்கே சம்பளம்! பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வயதில் ஐந்து வருஷம் சலுகை. இந்தச் செய்தி பல வீடுகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. போயிருந்தால், "இன்னும் எத்தனை வருஷம் செலவு செய்வது?" என்ற கேள்வி எழாது.

எந்த ஆபீசு?

கடைசியில் எல்லாம் காகிதத்தில் வந்து நிற்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று.

இளையரசனேந்தல்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம் இருந்தது. பழைய பத்திரங்களில் ஊர் சங்கரன்கோவில் தாலுகா. 2008-ல் வருவாய்த் துறைக் காரியங்களுக்குக் கோவில்பட்டித் தாலுகாவுக்கு மாற்றினார்கள். ஊராட்சி ஒன்றியம் மட்டும் குருவிகுளத்தோடு நின்றது. ஒரு காரியத்துக்குக் கிழக்கே, இன்னொன்றுக்கு மேற்கே! எல்லாவற்றையும் ஒரே பக்கம் சேர்க்கச் சொல்லி மக்கள் போராடியதும் உண்டு.

சான்றுகளுக்கு மனுவை இ-சேவை மையத்தில் போடலாம். ஆனால் ஆதாரில் ஓர் எழுத்து, மார்க் சீட்டில் ஓர் எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் பணம் பாங்கியில் ஏறாது. பரீட்சை முடிவு வந்த பிறகு இதைத் திருத்த ஓடினால் கல்லூரிக் கடைசித் தேதி தாண்டிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே, அரைப் பரீட்சை விடுமுறையில் பார்த்துவிடுவது நல்லது. தொகையும் விதியும் வருஷத்துக்கு வருஷம் மாறும். சேருகிற கல்லூரி அலுவலகத்தில் அந்த வருஷத்து விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூன் மாதம் தாலுகா ஆபீசு வாசல்களில் பார்க்கலாம். கையில் மஞ்சள் பை. பைக்குள் மார்க் சீட்டு, ரேஷன் கார்டு, ஆதார், பாங்கிப் புத்தகம். பையைப் பிடித்திருக்கிற தாயாருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் நிற்கிற மகள் ஒவ்வொரு காகிதமாக எடுத்து வாசித்துக் காட்டுகிறாள். தாயார் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே கேட்கிறார்: "இன்னும் எத்தனை குறையுது தாயி?"