வீட்டுக் கணிப்பொறிக்கு வெளியூரிலிருந்து ஒரு சாவி

லோதி ரோடு சி.ஜி.ஓ. வளாகத்தில்தான், 2004-ல் தொடங்கப்பட்ட செர்ட்-இன் அலுவலகம் இருக்கிறது. நாட்டின் இணையத் தாக்குதல்களைக் கவனிப்பது அதன் வேலை. வீட்டு வாசலை மட்டும் நாமேதான் பூட்டிக்கொள்ள வேண்டும்.

டில்லியில் அப்பாவின் லினக்ஸ் கணிப்பொறி, பெங்களூரில் பிள்ளை. முன்பெல்லாம் இதற்கு டெல்நெட். அதில் பாஸ்வேர்ட் போஸ்ட் கார்டு போலத் திறந்தபடி போகும். 1995-ல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்கவே, டாட்டு யூலோனன் எஸ்.எஸ்.எச். நிரலை எழுதினார். இன்று நாம் நிறுவுவது 1999-ல் வந்த ஓபன் எஸ்.எஸ்.எச்.

ரயில்வேக்காரனாகிய எனக்கு நீல்ஸ் பால் டோக்கன்தான் நினைவுக்கு வருகிறது. இரு ஸ்டேஷன் கருவிகளும் ஒத்துழைத்தால்தான் பந்து வெளிவரும். அது கைக்கு வராமல் டிரைவர் ஒற்றைப் பாதையில் நுழையக் கூடாது. இங்கும் ஜோடிதான்: பொதுச் சாவி, அந்தரங்கச் சாவி. ஆனால் பந்து வண்டியோடு போகும். அந்தரங்கச் சாவி பிள்ளையின் லேப்டாப்பை விட்டு நகராது. கையெழுத்து மட்டுமே போகும், வீட்டுக் கணிப்பொறி அதைப் பொதுச் சாவியால் சரிபார்க்கும்.

எஸ்.எஸ்.எச்.-கீஜென் சாவி ஜோடியைச் செய்து தரும். பொதுச் சாவியை வீட்டுக் கணிப்பொறியில் சேருங்கள். பிறகு அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்ட் நுழைவையும் ரூட் நுழைவையும் நிறுத்துங்கள். அவசரம் வேண்டாம்! திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் நுழைந்து பாருங்கள். இல்லையேல் அப்பா கீபோர்டு முன் உட்கார, பிள்ளை போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல வேண்டிவரும்.

லேப்டாப் தொலைந்தால், அந்தப் பொதுச் சாவியின் வரியை உடனே அழித்துவிடுங்கள்.